டியூப் ஸ்க்ரீமர் என் ஆம்ப்பில் மட்டும் ஏன் மெலிந்து கேட்கிறது?

கேள்வி: என்னிடம் ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டாரும், 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் (கிட்டார் ஒலிபெருக்கி) இருக்கின்றன. ப்ளூஸ் லீட் வாசிப்பதற்காக ஐபனேஸ் டிஎஸ்9 டியூப் ஸ்க்ரீமர் வாங்கினேன்; கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் அது. கரகரப்பைக் கூட்டும் டிரைவ் நாப்பை முழுவதும் திருப்பினாலும் கனமான ஒலி வரவில்லை. ஈ இரைவதுபோல் மெலிந்து கேட்கிறது. கடைக்காரர் உள்ளே இருக்கும் சிப்பை மாற்றி, பழைய மாடலான டிஎஸ்808போல, '808' ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். மாற்றலாமா, வேறு பெடல் வாங்கலாமா?

பதில்: சிப்பை மாற்றாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தச் சிப் வியாபாரத்தில் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். டிஎஸ்808க்கும் டிஎஸ்9க்கும் சுற்றில் உள்ள முக்கிய வித்தியாசம், சிக்னல் வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்தான். 808இல் அவை 100 ஓம், 10 கிலோ ஓம். டிஎஸ்9இல் 470 ஓம், 100 கிலோ ஓம். கரகரப்பை உண்டாக்கும் வேலை டயோடுகளுடையது. சிப் சிக்னலைப் பெருக்கித் தருகிறது, அவ்வளவே. இந்தப் பெடல்களில் போடும் 4558 வகைச் சிப் மிக மலிவான பொருள். அதற்குப் 'பழைய ஜப்பான் ஸ்டாக்' என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். சால்டரிங் அயர்ன் அதிகம் சூடாகிப் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்துவிட்டால் வாரன்டியும் போகும், பெடலும் போகும்.

உங்கள் பெடலில் கோளாறு இல்லை. அது வேறு விதமான ஆம்ப்புக்காகப் பிறந்தது. டியூப் ஸ்க்ரீமரில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும்; மேலே உள்ள கூர்மையை டோன் பகுதி மழுக்கும். நடுவில் மிட் எனப்படும் நடு ஒலிகள் மட்டும் புடைத்து நிற்கும். கிட்டாரின் மிகத் தடித்த கம்பி (E சுரம்) 82 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துப் பாருங்கள், பேஸ் எவ்வளவு பின்தங்குகிறது என்று புரியும். ஏற்கெனவே கரகரக்கும் விளிம்பில் இருக்கும் டியூப் (வால்வு) ஆம்ப்பை இது இன்னும் கொஞ்சம் தள்ளிவிடும். கனத்தை ஆம்ப் சேர்க்கும். உங்கள் டிரான்சிஸ்டர் ஆம்ப் அந்த உதவியைச் செய்யாது. லெவலை ஏற்றி அடித்தால் அதன் முன்பகுதி சிக்னலின் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடும், ஈ இரைச்சல் அங்கேதான் பிறக்கிறது. 8 அங்குல ஸ்பீக்கருக்கும் பேஸ் குறைவு. வீட்டில் மெல்லிய சத்தத்தில் வைத்துக் கேட்கும்போது நம் காதும் பேஸைக் குறைத்தே வாங்கும். இத்தனையும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டன.

விற்பதற்கு முன் இப்படிச் செய்து பாருங்கள். ஆம்ப்பைச் சுத்தமான க்ளீன் ஒலியில் வையுங்கள். ஆறு கம்பியையும் பலமாக அடித்தாலும் கரகரக்காத அளவுக்கு கெயினைக் குறையுங்கள். நாப்பின் கோட்டைக் கடிகார முள்ளாக எண்ணிக்கொள்ளுங்கள்: பெடலில் டிரைவ் 9 மணி நிலையில், டோன் 12 மணியில். பெடலை ஆன், ஆஃப் செய்து, இரண்டு நிலையிலும் சத்தம் ஒன்றாக இருக்கும்வரை லெவலைத் திருப்புங்கள். அதற்குமேல் ஒரு இழை மட்டும் கூட்டுங்கள். இப்போது ஆம்ப்பின் பேஸை 2 மணிக்கு ஏற்றி, ட்ரெபிளை 11 மணிக்கு இறக்குங்கள். பிறகு டிரைவை மெதுவாகக் கூட்டிக்கொண்டே வந்து, 1 மணியைத் தாண்டாமல் நிறுத்துங்கள். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் மூன்றாம் கம்பியை 12ஆம் ஃப்ரெட்டில் வளைத்து வாசியுங்கள். சுரம் நீண்டு நின்றால் அமைப்பு சரி. டிரைவை முழுவதும் திருப்புவது இந்த ஆம்ப்பில் எந்த நாளும் உதவாது.

இதற்குப் பிறகும் மெலிவாகவே இருந்தால், பேஸை அதிகம் வெட்டாத பெடல் வேண்டும். க்ளீன் ஆம்ப்புக்கு பாஸ் (Boss) நிறுவனத்தின் பிடி-2 ப்ளூஸ் டிரைவர் பொருந்தும். அது சற்றுக் கூர்மையான பெடல், ஆகவே டோனை 10 மணிக்கு அருகில் வையுங்கள். மார்ஷல் ப்ளூஸ்பிரேக்கர் வழி வந்த மென்மையான பெடல்களும் நல்லவை.

மற்ற ஆம்ப்கள் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், டீலக்ஸ் ரிவர்ப் போன்றவற்றில் மிட் குழிந்திருக்கும். டியூப் ஸ்க்ரீமர் அந்தக் குழியை நிரப்பும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகன் ஃபெண்டர் ஆம்ப்களோடு அதைப் பயன்படுத்தியதன் பொருத்தம் இதுதான். மார்ஷலில் மிட் ஏற்கெனவே புடைத்திருக்கும். அங்கே டிரைவைக் கிட்டத்தட்ட பூஜ்யத்திலும் லெவலை உயரத்திலும் வைத்து, பேஸின் குழப்பத்தை வெட்டும் கருவியாகவே டியூப் ஸ்க்ரீமரையோ பாஸ் எஸ்டி-1ஐயோ பயன்படுத்துவார்கள். ரோலண்ட் ஜேசி-120 டிரான்சிஸ்டர் ஆம்ப் எவ்வளவு ஏற்றினாலும் க்ளீனாகவே நிற்கும், உங்களுக்குச் சொன்னதே அதற்கும். பாஸ் கட்டானா வகை மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலி செய்வது) என்றால், உள்ளேயே பூஸ்டர் ஒலிகள் இருக்கின்றன. அவற்றைத் தீர முயன்று பார்க்காமல் பெடலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். எந்த ஆம்ப்பானாலும் ஓவர்டிரைவ் முன்பக்க இன்புட்டில்தான் செல்ல வேண்டும். ஆம்ப்பின் முன்பகுதிக்குப் பிறகு பெடலைச் செருகும் எஃபெக்ட்ஸ் லூப், எதிரொலி தரும் டிலேக்கும் ரிவர்ப்புக்கும்.

அடுத்தது அடாப்டர். இங்கேதான் நல்ல பெடல்கள் சாகின்றன. 9 வோல்ட் டிசி, நடு முனை மைனஸ்: அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வட்டப் படத்தில் நடுப்புள்ளி மைனஸ் குறியோடு இணைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பொருந்துகிறது என்பதற்காகப் பழைய மோடம் அடாப்டரைச் செருகாதீர்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் நடு முனை பிளஸ். 'உம்' என்ற இரைச்சல் இருந்தால் 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள்; இரைச்சல் நின்றால் குற்றம் அடாப்டருடையது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பெடலையே ரிப்பேருக்கு வாங்கிவைத்துப் பணம் பறிக்கும் கடைகள் இருக்கின்றன.

இனி, மேலே சொன்ன எதுவும் செல்லாத ஓர் இடம். பல தேவாலயங்களிலும் மெல்லிசை மேடைகளிலும் ஆம்ப்பே இருக்காது; கிட்டார் நேராக மிக்சருக்குப் போகும். அங்கே எந்த ஓவர்டிரைவ் பெடலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், தகரத்தைச் சுரண்டுவதுபோல்தான் ஒலிக்கும். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஒலியைக் குறைத்துவிடும். ஓவர்டிரைவின் முரட்டுச் சில்லொலிகளை மறைப்பது அந்தக் குறைபாடுதான். மேடை ஸ்பீக்கர்கள் அதற்கும் வெகு மேலே உள்ளதையெல்லாம் அப்படியே வெளியே விடுகின்றன.

'டிஐ பாக்ஸ் போட்டால் சரியாகிவிடும்' என்று சவுண்ட்காரர் சொல்வார். சரியாகாது. டிஐ பாக்ஸ் சிக்னலை நீண்ட கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும், ஒலியின் நிறத்தைத் திருத்தாது. உங்களுக்கு வேண்டியது, கிட்டார் ஸ்பீக்கர் ஒலிக்கும் விதத்தைப் போலி செய்யும் கேபினட் சிமுலேட்டர். கிட்டார், ஓவர்டிரைவ், கேபினட் சிமுலேட்டர், டிஐ, மிக்சர் என்ற வரிசை மாறக் கூடாது. சிமுலேட்டரை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் வைத்ததே வீண். அதற்குக் கைவசம் பணம் இல்லையென்றால், டிஜிட்டல் மிக்சரில் அந்தச் சேனலுக்கு 5,000 ஹெர்ட்ஸில் லோ பாஸ் ஃபில்டர் (அதற்கு மேலே உள்ள ஒலியை வெட்டுவது) இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய அனலாக் மிக்சர் என்றால், கூர்மையைக் கட்டுப்படுத்தும் ஹை நாப்பை 9 மணி வரை இறக்கச் சொல்லுங்கள். முழுத் தீர்வு இல்லை, காதைக் காப்பாற்றும். லட்சக்கணக்கில் சவுண்ட் சிஸ்டம் போடும் நிர்வாகங்கள் மேடையில் ஒரு சின்ன கிட்டார் ஆம்ப்பையும் அதன் முன்னே ஒரு மைக்கையும் வைக்க மறுப்பது எனக்கு விளங்கவே இல்லை. கிட்டார் வாசிப்பவர் மட்டும் பெடல் பெடலாக மாற்றிக்கொண்டே இருக்கிறார், பணம் கரைகிறது.

புதுப் பெடல் வாங்குவதென்றால் உங்கள் கிட்டாரையும் ஆம்ப்பையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கடையில் இருக்கும் பெரிய டியூப் ஆம்ப்பில் எந்தப் பெடலும் இனிக்கும். அந்த ஒலியைத்தான் விற்கிறார்கள், உங்கள் வீட்டுக்கு வருவது அதுவல்ல. வெளிநாட்டுப் பெடல்களுக்கு ஏற்கெனவே அதிக விலை, பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று வேறு சொல்கிறார்கள். இப்படி ஒரு முறையை வைத்துக்கொண்டு, வாசித்துப் பார்க்கவும் விடாத கடையில் எதையும் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்பார்கள், வாரன்டியும் அதோடு போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் நேரில் போகாமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு நாப்பையும் முழுச் சுற்றுத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். சுவிட்சைப் பத்து முறை மிதியுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே பேட்டரி கசிந்த பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.