துணி பாக்கியில் பிறந்த திருத்தம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அரசியலமைப்பின் 11ஆவது திருத்தத்தால், மாநில அரசுகள் மீது தனிமனிதர்கள் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாதாம். மாநிலங்களுக்கு என்ன மரியாதை! மாநில உரிமை பேசும் நீங்கள் இதை வரவேற்க வேண்டாமா? என் தங்கை மகள் அங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அநியாயம் நடந்தால் என்ன வழி?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பூரித்துப்போயிருப்பதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்தத் திருத்தம் பிறந்ததே ஒரு துணி பாக்கியில்தான்.

1777இல், சுதந்திரப் போர் நடந்தபோது, ஜார்ஜியா தன் படைக்காகத் தென் கரோலினா வியாபாரி ராபர்ட் ஃபார்குவாரிடம் துணிமணியும் சரக்கும் வாங்கியது. முகவர்களிடம் பணம் கொடுத்தாயிற்று என்றது. அவர் கைக்குக் காசு வரவில்லை. அவர் இறந்தபின், உயிலை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்த சிஸம் உச்ச நீதிமன்றம் போனார். ஜார்ஜியா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1793இல் 4-1 என்று தீர்ப்பு வந்தது: மாநிலத்தின் மீதும் வழக்குப் போடலாம். அப்புறம் ரோஷத்தைப் பாருங்கள்! தீர்ப்பை நிறைவேற்ற வருகிறவனைத் தூக்கில் போடச் சொல்லி ஜார்ஜியாவின் கீழவை ஒரு மசோதாவையே நிறைவேற்றியது. நல்லவேளை, அது சட்டமாகவில்லை. போர்க்காலக் கடன் மற்ற மாநிலங்களுக்கும் இருந்தது. 1795க்குள் திருத்தம் வந்துவிட்டது.

என் அப்பா தையல்காரர். ஓர் அரசு விடுதிக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார். பில் பாஸாகவே இல்லை. அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். நூல்கடைக்காரருக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தோம். அரசின் மானம் பற்றி எனக்குப் பாடம் நடத்தாதீர்கள்.

மாநில உரிமையை டெல்லியிடம் கேட்கலாம், வாஷிங்டனிடம் கேட்கலாம். வேலை செய்தவனுக்குக் கூலி தராமல் இருப்பது அதில் சேராது. திருத்தத்தை ஒருமுறை படித்தீர்களா? வேறு மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் போடும் வழக்குகளைப் பற்றித்தான் அதில் இருக்கிறது. சொந்தக் குடிமக்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. லூசியானா தன் கடன்பத்திரத்துக்கு வட்டி தராதபோது, அதே மாநிலத்துக்காரர் ஹான்ஸ் வழக்குப் போட்டார். எழுத்தில் இல்லாத தடையை நீதிபதிகளே நீட்டி, 1890இல் அவரையும் வெளியே அனுப்பினார்கள். மெயின் மாநில நன்னடத்தை அதிகாரிகள் ஓவர்டைம் கூலி கேட்டார்கள். அதைக் கேட்கும் உரிமையைக் கொடுத்ததே மத்தியச் சட்டம். மாநிலத்தின் சொந்த நீதிமன்றத்தில்கூட அந்த வழக்கு செல்லாது என்றார்கள், 1999இல், 5-4 என்று. மறுபடியும் கூலி பாக்கி!

சரி, உங்கள் தங்கை மகள். பயப்பட வேண்டாம். ஆண், பெண் என்று பாகுபாடு காட்டினால் 1976 தீர்ப்பின்படி நஷ்டஈடே கேட்கலாம். உடல்குறைபாட்டைக் காட்டி ஒதுக்கினால், 2001இல் அலபாமா நர்ஸ் ஒருவருக்கு மறுத்ததுபோல, நஷ்டஈடு மறுக்கப்படலாம். ஆனால் 1908இலிருந்து இன்னொரு வழி இருக்கிறது: மாநிலத்தை விட்டுவிட்டு, பொறுப்பிலிருக்கும் அதிகாரியின் பெயரில் வழக்குப் போடலாம். இனிமேல் சட்டப்படி நடந்துகொள் என்ற உத்தரவு கிடைக்கும். பழைய பாக்கி கிடைக்காது.