சக்கர நாற்காலியில் இருக்கும் ஓவியருக்கு வீடு, ஸ்டுடியோ, கேலரி மூன்றையும் ஒரே மனையில் எப்படி அமைப்பது?

சென்னையில் அத்தைக்காகக் கட்டப்போகிறீர்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பேஸ்மட்டத்திலிருந்து, அதாவது வீட்டுத் தரை வெளித் தரையைவிட எவ்வளவு உயரம் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒன்றரை அடி உயர்த்தினால், 1:12 சரிவுக்கு (ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம்) 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று பலர் அதைக் குறுக்கிவிடுகிறார்கள்; அப்புறம் யாராவது தள்ளினால்தான் ஏற முடியும். தன் கேலரிக்குள் ஓவியர் தானாகப் போக முடியாத நிலை வரவே கூடாது.

கேலரி தெருப்பக்கம், ஸ்டுடியோ நடுவில், வீடு பின்னால் இருக்கட்டும். மூன்றும் ஒரே மட்டம், வாசற்படி வேண்டாம். கதவு திறப்பு 3 அடி, நாற்காலி திரும்ப 5 அடி.

ஸ்டுடியோவுக்கு வடக்கு வெளிச்சம் நல்லது, நேர் வெயில் படாது என்பார்கள், சரி. ஆனால் சென்னையில் மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே வடக்கே சாய்ந்திருக்கும். அகலமான சன்ஷேடும், காலை மாலை வெயிலுக்குப் பக்கத் தடுப்பும் இல்லையென்றால் கேன்வாஸில் வெயில் அடிக்கும்.

தூரிகை கழுவும் தொட்டிக்கு அடியில் அலமாரி வைக்காதீர்கள், முழங்கால் நுழைய வேண்டும். பெரிய கேன்வாஸை ஏற்றி இறக்கச் சுவரில் எதிர் எடையோடு ஒரு கப்பி போடுங்கள். மேல்பகுதியையும் அத்தை உட்கார்ந்தபடியே வரையலாம்.