3,120 வெள்ளி சம்பளத்துக்கு ஓவர்டைம் உண்டா?

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸ் கிடங்கில் சூப்பர்வைசர், அடிப்படைச் சம்பளம் 3,120 வெள்ளி, "ரெண்டாயிரத்துக்கு மேல் வாங்கினால் ஓவர்டைம் கிடையாது" என்கிறார் முதலாளி என எழுதியிருந்தீர்கள். அது பழைய கதை. மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு 4,000 வெள்ளி. வார வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்துவிட்டது.

மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் 3,120ஐ வகுத்தால் நாளுக்கு 120. எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 15. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 22.50. பொது விடுமுறை நாள் ஓவர்டைம் என்றால் மூன்று மடங்கு.

முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள்; வாய்ப்பேச்சு வேண்டாம், நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார்கள். பஞ்ச் கார்டை மாதாமாதம் படமெடுத்துச் சம்பளச் சீட்டோடு வையுங்கள். அப்புறமும் மழுப்பினால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை.