நடிப்பு, இயக்கம், தயாரிப்பு: மூன்றையும் ஒருவரே செய்யலாமா?

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது 27. ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. பல்கலைக்கழகத்தில் நாடகங்களில் நடித்தேன். பிறகு இங்கே கோயில் மண்டபங்களில் நான்கு நாடகங்களை இயக்கினேன். இப்போது ஆறு பாத்திரங்கள் கொண்ட 90 நிமிட நாடகம் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். கோலாலம்பூரில் 190 இருக்கைகள் உள்ள சிறிய அரங்கை மூன்று நாள் எடுத்து, வெள்ளி முதல் ஞாயிறு வரை நான்கு காட்சிகள் போடத் திட்டம். முதன்மைப் பாத்திரம், இயக்கம், தயாரிப்பு மூன்றும் நானே. இரண்டு திரைப்பாடல்களும் வருகின்றன. கையில் 15,000 வெள்ளி (ரிங்கிட்) சேமிப்பு உண்டு. வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்கு வந்துவிடலாமா? செலவுத் திட்டத்தை இணைத்திருக்கிறேன்.

வாசகி, பட்டர்வொர்த்

*

அன்புள்ள வாசகிக்கு,

வேலையை விடாதீர்கள். நாடக இயக்குநர் கிருஷன் ஜித் 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்குழுவை நண்பர்களோடு தொடங்கியபோது மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தார். உங்கள் பினாங்கில் பிறந்த ஃபரிடா மெரிக்கன் வானொலியிலும் மேடையிலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 1989இல்தான் கணவர் ஜோ ஹாஷாமுடன் ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நாடகக் குழுவை ஆரம்பித்தார். மெர்டேக்கா சதுக்கத்தின் அடித்தளத்தில் இருந்த அவர்களுடைய அரங்கம் 2003 வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டே ஆண்டில் செந்தூலில் புதிய நிகழ்கலை மையம் திறந்தது. நடிகை, இயக்குநர், தயாரிப்பாளர் என்ற மூன்று பெயரும் ஃபரிடாவுக்குப் பொருந்தும். ஆனால் அவை சேர்ந்தது ஒரு வாழ்நாளில். நீங்கள் ஒரே வாரக் கடைசியில் சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

திட்டத்தில் முதல் ஓட்டை அரங்க வாடகை. வெள்ளி இரவு காட்சி என்றால் செவ்வாய் காலையே நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். செவ்வாய் செட் ஏற்றி, விளக்குகளைத் தொங்கவிட்டுத் திசை திருப்ப வேண்டும். புதன் ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கு அளவைப் பதிவு செய்ய, மாலையில் நடிகர்களை வைத்து, ஒளியும் ஒலியும் மாறும் இடங்களுக்கு மட்டும் தாவித் தாவிப் பார்க்க. வியாழன் முழு உடை ஒத்திகை. ஆக வாடகை ஆறு நாளுக்கு. இதை மூன்றாகச் சுருக்கிய குழுக்கள் வெள்ளி மாலை ஏழரைக்கும் ஏணி மேல் நிற்பதைக் கோலாலம்பூரில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். நேரம் தாண்டினால் ஊழியர்களின் மிகைநேரமும் உங்கள் தலையில்தான்.

வருமானம்: 190 இருக்கை, நான்கு காட்சி, மொத்தம் 760. விருந்தினருக்கு 40 போனால் 720. புதிய குழுவுக்கு 55 விழுக்காடு நிறைந்தால் நல்ல கூட்டம். அது 396 பேர். டிக்கெட் 50 வெள்ளி என்றால் 19,800. இணைய விற்பனைக் கழிவும் இதில் போகும். செலவை 18,000க்குள் அடக்கிவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள். டிக்கெட் பணம் பெரும்பாலும் காட்சி முடிந்த பிறகுதான் கைக்கு வரும். முன்பணம், பலகை, துணி, அச்சு எல்லாம் அதற்கு முன்பே. உங்கள் 15,000 இந்த இடைவெளியைத் தாங்கத்தான், நட்டத்தைத் தாங்க இல்லை. இன்னொன்று: நடிகர் ஊதியத்தை ‘மீதமிருந்தால்’ என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரிக்குக் கொண்டுபோங்கள். கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் சம்பளத்தை மீதத்தில் எழுதலாமா!

இனி நடித்துக்கொண்டே இயக்குவது. முன்னால் உட்கார்ந்து பார்க்கும் கண் இல்லாமல் போவதுதான் இதில் பெரிய சிக்கல். எதிரில் நிற்பவர் சரியாகச் செய்கிறாரா என்று உங்கள் கண் கவனிக்கும். அந்தக் கவனிப்பைப் பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். மற்றவர் வசனத்துக்கு உங்கள் உதடு அசையும். மற்றவர்களும் பாத்திரத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தில் ஒப்புதல் தேடுவார்கள். ஒளிப்பதிவை இரவில் போட்டுப் பார்ப்பது மாற்று இல்லை. மேடையின் வேகம் கேமராவில் தெரியாது.

வழி இருக்கிறது. மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேர ஒத்திகை என்று வைத்தால் உங்களுக்கு 90 மணி நேரம். வாரம் நான்கு மாலை, மூன்று மூன்று மணி நேரம் என்றால் எட்டு வாரம். முதல் ஐந்து வாரம் உங்கள் பாத்திரத்தில் வேறொருவரை நிறுத்தி, முன்னாலிருந்து இயக்குங்கள். ஆறாம் வாரம் நீங்கள் உள்ளே போங்கள். அன்றிலிருந்து குறிப்புச் சொல்பவர் துணை இயக்குநர், உங்களுக்கும் சேர்த்து. அவர் உங்களை நிறுத்தித் திருத்தக்கூடியவராக இருக்க வேண்டும். தலையாட்டும் தம்பிகள் உதவ மாட்டார்கள்.

திட்டத்தில் மேடை மேலாளரே இல்லை. நம் தமிழ்க் குழுக்களில் இயக்குநரே பக்கத் திரைக்குப் பின்னால் நின்று கையசைப்பார். நீங்கள் மேடையில் இருக்கும்போது கையசைப்பது யார்? முதல் சம்பளம் இவருக்கு. பிரதியை ஒருபக்கத் தாள்களாகக் கோப்பில் போட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு ஒளி, ஒலி மாற்றத்தையும் எண்ணிட்டுப் பென்சிலில் எழுதி வைப்பார். மாற்றத்துக்கு அரைப்பக்கம் முன்பு ‘விளக்கு 14, ஸ்டேண்ட் பை’ என்பார். விளக்குப் பலகையில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட சொல் வந்ததும் ‘விளக்கு 14, கோ’. இந்தக் ‘கோ’வை ஹெட்செட்டில் வேறு எதற்கும் சொல்லக்கூடாது. யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் மேடை இருட்டாகிவிடும்.

கோயில் மண்டபப் பழக்கம் ஒன்றையும் விட வேண்டும். அங்கே மூன்று மைக் தொங்கும், நடிகர்கள் வசனத்துக்கு வசனம் அதன் கீழே ஓடுவார்கள். நாளடைவில் மைக்தான் நாடகத்தை இயக்கும். 190 இருக்கை அரங்குக்கு மைக் வேண்டாம். ஐந்தாம் வாரம் முதல் ஒரு ஆள் பத்து மீட்டர் தள்ளி, முதுகைத் திருப்பி உட்கார்ந்து கேட்கட்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல் அவருக்கு விழவில்லை என்றால் மூச்சு அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் நமக்கு இது கூடுதல் தண்டனை. விளக்கிலும் அப்படித்தான்: தலைக்கு மேலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் கண் குழியாகிவிடும். மேடையை முன் மூன்று, பின் மூன்று என ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத்திலிருந்தும் 45 பாகைச் சாய்வில் ஒவ்வொரு விளக்கு. இந்தப் பன்னிரண்டும் முடிந்த பிறகு கலர் விளக்கைப் பற்றிப் பேசலாம்.

உரிமத்துக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம். 1992ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டம் அங்கே பொருந்தும். பிரதியோடு நல்ல மலாய்ச் சுருக்கம் வையுங்கள். மதம், இனம், அரச குடும்பம் தொட்ட வசனங்களுக்குக் கேள்வி வரும், அதற்கும் நாள் விடுங்கள். சென்னையிலிருந்து யாரையாவது மேடையேற்றும் எண்ணமிருந்தால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி தனி. திரைப்பாடல்களைக் கைவிடுங்கள். இசைப் படைப்பாளர்களின் காப்புரிமை அமைப்பான எம்.ஏ.சி.பி. தரும் உரிமம் பொது இடத்தில் பாடல் ஒலிப்பதற்கு. நாடகக் கதையோடு பின்னிப் போடுவதற்கு இசை நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். உள்ளூர் இசைக்கலைஞர் ஒருவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு எட்டு நிமிட இசை வாங்குவது மலிவு.

காட்சி வாரத்தில் தயாரிப்பாளரின் கைபேசியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். ‘டத்தோவுக்கு முன்வரிசையில் நான்கு இடம்’ என்று வரும் அழைப்பை ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்து எடுக்க முடியாது. பொன்னாடை, உரை எல்லாம் நாடகம் முடிந்த பிறகு. எட்டு மணிக் காட்சி என்றால் எட்டே பத்துக்குக் கதவு சாத்தப்படும் என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

கடைசியாக, ஏன் கோலாலம்பூர்? எட்டு வாரம் ஒத்திகைக்கு பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் போய் வர உங்களால் முடியாது. நடிகர்களைப் பினாங்கிலேயே எடுங்கள், அங்கேயே ஒத்திகை, ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் உள்ள பினாங்கு நிகழ்கலை மையத்தில் முதல் அரங்கேற்றம். உரிமத்தைப் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் கேளுங்கள். தைப்பூச வாரமும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் வேண்டாம். கூட்டம் கடைத்தெருவில் இருக்கும். அரங்குக்கு எழுதும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: வாடகையில் எத்தனை விளக்குகள் அடங்கும், ஏணியில் ஏற அவர்கள் ஆள் தருவார்களா, இரவு எத்தனை மணிக்கு மிகைநேரம் தொடங்குகிறது, நாள் மாற்றினால் முன்பணம் திரும்புமா. பதில் எழுத்தில் வந்த பிறகு செலவுத் திட்டத்தைத் திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்.