ஒன்பது வயது மகன் ஓட மறுப்பது பற்றி

வணக்கம். தினமும் காலையில் மகனை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வைப்பதாகவும், மூன்றாம் நாளே அவன் அழுததாகவும் எழுதியிருந்தீர்கள். அவனைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். சிறுவர்கள் சில நொடிகள் பாய்ந்து ஓடுவார்கள், நிற்பார்கள், மறுபடி பாய்வார்கள். ஒரே சீரான நீண்ட ஓட்டம் அவர்களுக்குப் பெரும் சலிப்பு.

சுற்றுகளை நிறுத்திவிட்டு அவனைத் துரத்துங்கள்! ஓடிப்பிடித்தல், கயிறு தாண்டுதல், பந்தெறிதல் என எதை விளையாடுவது என்று அவனே முடிவு செய்யட்டும், விதிகளையும் அவனே மாற்றட்டும். ஓரமாக நின்று கைபேசியைப் பார்க்காமல் நீங்களும் கூடவே ஓடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான இயக்கம் தேவை. ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. சிறுகச் சிறுகச் சேர்ந்தாலும் கணக்குத்தான். அவனோடு அரை மணி நேரம், வாரம் 5 நாள் ஆடினால் உங்கள் பங்கு நிறைந்துவிடும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் உங்கள் வேகம் சரி.

ஒன்று மட்டும்: ஓடும்போது அவனுக்கு இருமலோ இழுப்போ வந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.