முதலில் சாவி, பிறகு சுவர்

கேள்வி: எங்கள் சர்வர்களில் பாதி அலுவலகத்தில், பாதி அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில். பார்த்துக்கொள்ள 3 பேர்தான். புது ஃபயர்வால் வாங்குவதா, பேக்கப்பைச் சரிசெய்வதா, எதில் தொடங்குவது?

பதில்: ஃபயர்வால் என்ற சுவர் காத்திருக்கட்டும். கிளவுடில் சுவர் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியமே பல நேரம் இருப்பதில்லை. கசிந்த சாவி இருந்தால் வாசல் வழியாகவே வந்துவிடலாம்.

எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்குக்கு இன்றே எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) போடுங்கள். அதற்கு ஆக்சஸ் கீ (ஸ்கிரிப்டுகளும் நிரல்களும் உள்ளே நுழையப் பயன்படுத்தும் சாவி) இருந்தால் நீக்குங்கள். அடுத்து, பயனர்களையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் ஐஏஎம்-இல் கிரெடென்ஷியல் ரிப்போர்ட்டை இறக்குங்கள். யாருடைய கீ கடைசியாக எப்போது பயன்பட்டது என்பது ஒரே சிஎஸ்வி கோப்பில் வந்துவிடும். 90 நாளாகத் தொடாத கீயை எடுத்தவுடன் அழிக்காதீர்கள், இன்ஆக்டிவ் ஆக்குங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடுகிற ஸ்கிரிப்ட் ஏதாவது அதை நம்பியிருக்கலாம். அழித்த கீ திரும்ப வராது.

நிரல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் ரெப்போவில் கீ ஏறிவிட்டதா? அந்த வரியை நீக்கி மறுபடி கமிட் செய்வது வீண். பழைய கமிட்டில் (முந்தைய பதிவில்) அது அப்படியே கிடக்கும். கீயையே மாற்ற வேண்டும். பலர் கோட்டை விடுவது இதற்கடுத்த படியில்: கீயை நிறுத்தினாலும், அதை வைத்து முன்பே வாங்கிய தற்காலிக டோக்கன் (நுழைவுச்சீட்டு) காலாவதியாகும்வரை செல்லும். ஐஏஎம் பயனருக்கு அது 36 மணி நேரம்வரை நீளலாம். ஆகவே அந்தப் பயனருக்கு எல்லாவற்றையும் மறுக்கும் டினை பாலிசியையும் சேர்த்துப் போடுங்கள். ரோல் (தற்காலிகமாக ஏற்கும் அனுமதித் தொகுப்பு) வழியாக நுழைந்திருந்தால் ரோலின் செஷன்களையும் ரத்துசெய்யுங்கள்.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் 22, 3389 போர்ட்கள் உலகத்துக்கே திறந்திருந்தால் மூடுங்கள். கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்று பதியும் கிளவுட்ட்ரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாளைத்தான் காட்டும்; தனி ட்ரெயில் அமைத்து லாகை வேறு கணக்கில் சேமியுங்கள்.

அப்புறம் பேக்கப். பேக்கப் சர்வரும் மற்ற சர்வர்களின் அதே டொமைனில் (ஒரே அட்மினின் கீழுள்ள கணினிக் குழுவில்) இருந்தால், டொமைன் அட்மின் பாஸ்வேர்டு பறிபோன அன்றே பேக்கப்பும் போயிற்று. ஒரு பிரதியைத் தனிக் கணக்கில், கோப்பை அழிக்கவிடாமல் பூட்டும் ஆப்ஜெக்ட் லாக்கின் கம்ப்ளையன்ஸ் மோடில் வையுங்கள். குறித்த காலம் முடியும்வரை ரூட்டாலும் அதை அழிக்க முடியாது. நாள் கணக்கைத் தவறாகப் போட்டால் நீங்களும் அழிக்க முடியாது, சேமிப்பு வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனவே முதலில் 1 நாள் வைத்துச் சோதியுங்கள்.

ரீஸ்டோர் செய்து (மீட்டெடுத்து) பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். 4 டெராபைட் தரவை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, முழு வேகம் கிடைத்தாலும் ஏறக்குறைய 89 மணி நேரம் ஆகும். அத்தனை நாள் வேலை நிற்கலாமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். ஃபயர்வாலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போக வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கும்.