பேட்லாண்ட்ஸ்ல ஒரு நாள் போதுமா?

கேள்வி: யெல்லோஸ்டோனுக்கு கார்ல போறோம், வழியில சவுத் டகோட்டால இருக்கற பேட்லாண்ட்ஸ் நேஷனல் பார்க்ல ஒரு நாள் நிக்கலாம்னு இருக்கோம். எட்டு வயசு பையனும் ஊர்ல இருந்து வந்திருக்கற மாமியாரும் கூட வராங்க. மலை ஏறவும் ஆசை, பைசன் (அமெரிக்க காட்டெருமை) பாக்கவும் ஆசை. ஒரு நாள்ல முடியுமா?
- வாசகி, சிகாகோ

பதில்: தாராளமா முடியும், ஆனா நடையை காலைலயே முடிச்சிடுங்க, ஏன்னா அங்க ஒதுங்க மரமே கிடையாது, டிரெயில்ல தண்ணியும் கிடைக்காது. சிகாகோ நேரத்துக்கு அங்க ஒரு மணி நேரம் பின்னாடி, அதனால சீக்கிரம் எழுந்துக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. ஐ-90 ஹைவேல எக்ஸிட் 131 எடுத்து உள்ள போனா ஒரு பெரிய பார்க்கிங் வரும், டோர், விண்டோ, நாட்ச் மூணு டிரெயிலும் அங்கேருந்தே ஆரம்பம். விண்டோ மொத்தமே கால் மைல், அத்தைக்கு அது போதும். நீங்களும் பையனும் நாட்ச் போங்க, போக வர ஒன்றரை மைல்தான், நடுவுல உருட்டுக்கட்டைய கம்பிவடத்துல கோத்த மாதிரி ஒரு ஏணி சரிவுல சாஞ்சு கிடக்கும், ஏறிடலாம், இறங்கறப்பதான் வயித்த கலக்கும், ஏணியப் பாத்தபடி திரும்பி நின்னு ஒவ்வொரு கட்டையா கால வச்சு இறங்க சொல்லுங்க. முந்தின நாள் மழை பெஞ்சிருந்தா விட்டுடுங்க, அந்த களிமண் செருப்புல அப்பிக்கிட்டு வழுக்கும்.

மத்தியானம் நல்லா சாப்பிட்டு தூங்கிட்டு சாயங்காலமா சேஜ் கிரீக் ரிம் ரோடுக்கு போங்க. பாதி பேரு தார் ரோட்லயே போட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க, எனக்கென்னவோ அந்த ஜல்லி ரோட்டுலதான் எல்லாமே இருக்கு. 1963ல கொண்டு வந்து விட்ட பைசனோட வாரிசுங்க அங்கதான் மேயுது, சில சமயம் ரோட்டுலயே நின்னுடும், ஹாரன் அடிக்காம உக்காந்திருங்க. ஒரு கிடா 900 கிலோ வரைக்கும் இருக்கும், ஓடினா மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல. 100 கஜம் தள்ளியே நிக்கணும், வாலைத் தூக்குச்சுன்னா பேசாம கார்ல ஏறிடுங்க. அதே ரோட்ல ராபர்ட்ஸ் பிரெய்ரி டாக் டவுன்ல பிரெய்ரி டாக்குங்க, அதாவது வளை தோண்டி வாழற அணில் ஜாதி, குட்டி குட்டியா வளை வாசல்ல நின்னு கத்தும், பையனுக்கு பைசனை விட அதான் பிடிக்கும் பாருங்க. பிஸ்கட் போட விடாதீங்க, பிளேக் பரப்பற தெள்ளுப்பூச்சி அதுங்க மேல இருக்கலாம். வளைக்குள்ள கைய விடவே கூடாது, ராட்டில் பாம்பு படுத்திருக்கும்.

கேள்வி: அங்க ஃபாசில் (கல்லாகிப்போன பழைய எலும்பு) கிடைச்சா எடுத்துக்கலாமா?
- வாசகர், டல்லாஸ்

பதில்: கூடாதுங்க, சட்டப்படி தப்பு. தொடாம போட்டோ எடுத்து, இடத்த குறிச்சுக்கிட்டு விசிட்டர் சென்டர்ல சொல்லுங்க. 2010ல ஏழு வயசு பொண்ணு ஒண்ணு அப்படி சொல்லப்போய்தான் எப்பவோ அழிஞ்சுபோன வாள்பல் பூனை ஒண்ணோட மண்டையோடு கிடைச்சுது, அதுவும் விசிட்டர் சென்டர் பக்கத்துலயே.